அட்டைக்குப் பின்னால் உருளும் பகடை

சுடலைமுத்துவுக்குச் சந்தேகம்தான் தொழில். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். மற்றவர்கள் செய்ததை நம்பாமலிருப்பதற்கு மாதாமாதம் சம்பளம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்து கெலமங்கலம் சாலையில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும், சந்தேகத்தை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வர அவர் பழகவில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடு வாங்கப் போனால் ஆட்டின் பல்லைப் பார்ப்பார், விற்கிறவன் முகத்தை அதைவிட உற்றுப் பார்ப்பார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வீட்டுச் சுவர்க்கடிகாரம் சரியா ஓடுதான்னு வாட்ச்சோட ஒத்துப் பாத்த ஆளு" என்பது மனைவி ஜெயமணியின் வாக்குமூலம்.

இப்படிப்பட்டவர் ஞாயிறு மதியங்களில் நாலு பேர் கூடி, இல்லாத ஊரில் இல்லாத ஆட்களாக வாழும் விளையாட்டில் விழுந்தது எப்படி? அதற்கு விதிப்புத்தகம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் கதை கேட்க வந்தார்கள். இவர் புத்தகத்தைப் படிக்க வந்தார். பிறகு கதையும் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

ஆட்டத்தை நடத்துபவள் மேகலா. தளியில் ரோஜா பயிரிடும் குடும்பம். அதே தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் வேலை. மேசையில் அவள்தான் ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர். தொழிற்சாலை ஜி.எம். பேசினால் எல்லோரும் கொட்டாவியை அடக்குவார்கள். இவள் பேசினால் மூச்சை அடக்குவார்கள். கதையை அவள் சொல்வாள். அதற்குள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்: எண் கூடினால் நடந்தது, குறைந்தால் இல்லை. எதிரிகளுக்கான பகடையை மட்டும் அவள் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவாள். அது வழக்கம்.

சுடலைமுத்துவின் ஆள் சங்கன். கணவாய்ச் சுங்கச்சாவடியைக் காக்கும் வாள்வீரன். நாலு வருஷமாகச் சாகவில்லை. எச்.ஆர். பிரிவுப் பொற்கொடியின் ஆள் மருத்துவச்சி அல்லி. சங்கனை அறுபட்ட இடத்திலெல்லாம் தைத்தவள். மெயின்டனன்ஸ் கமலக்கண்ணன் ஒரு திருடனை வைத்துக்கொண்டு எல்லோரையும் சிரிக்கவைப்பான்.

ஒரு ஞாயிறு, ராட்சதன் ஒருவன் சங்கனின் தலைக்குமேல் பாறாங்கல்லைத் தூக்கினான். தடுப்புக்குப் பின்னால் பகடை உருண்டது. மேகலா பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் பேசவில்லை. பிறகு, "கல்லு தோளை உரசிட்டுப் போயிடுச்சு" என்றாள்.

அந்த ஒரு மூச்சு சுடலைமுத்துவைத் தூங்கவிடவில்லை. எண்ணைப் படிக்க எதற்கு யோசனை? மாற்றிச் சொல்லத்தானே யோசனை. அப்படியானால் நாலு வருஷத்து வெற்றி எதுவும் சங்கனுடையது இல்லை. உண்மை அதுவென்றால் இனி அந்த மேசைப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தார்.

கேன்டீனில் கமலக்கண்ணனை மடக்கினார்.

"ஏல, அந்தப் புள்ள பகடைய மாத்திச் சொல்லுதுன்னு உனக்குத் தோணலையா?"

"மாத்தினா என்னண்ணா? சங்கன் பொழச்சான்ல."

"பொழச்சானா, பொழைக்க வச்சாளா?"

"அளவு கொஞ்சம் கூடின லாட்டுக்கு நீங்க டீவியேஷன்னு விதிவிலக்கு போட்டு அனுப்பலையா? அதுவும் பொழைக்க வச்சதுதான்."

"அது காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, வாங்குதவன்ட்ட சொல்லி அனுப்புனது. ஒளிச்சு வச்சா அனுப்புனேன்?"

கமலக்கண்ணன் சாம்பார் சாதத்துக்குத் திரும்பிவிட்டான். இவனுக்கும் இதில் பங்கிருக்குமோ என்று சுடலைமுத்து யோசித்தார்.

முதலில் கருவியைச் சோதிக்கவேண்டும், ஆளைப் பிறகு. மேகலாவின் பகடையைக் கேட்டு வாங்கிவந்து, உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வருகிறதா என்று பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. வேறு யாராவது நிம்மதி அடைந்திருப்பார்கள்.

"பகடை சரியாத்தான் இருக்கு. அப்ப ஆளுதான்" என்றார் ஜெயமணியிடம்.

"ஊறுகாய்க்கு வாங்கின கல்லுப்பு காலி. அதுக்கு ஆளு யாருன்னு நான் சோதிக்க வேண்டாம்."

அடுத்த ஞாயிறு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். "மேகலா, இனிமே எல்லாம் வெளியில உருட்டணும். மறைவுல கிடைச்சா அது பிச்சைம்மா."

"எல்லாருக்கும் இது ஒத்துவராதுண்ணா."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

மேகலா மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு "ஆயித்து" என்று கன்னடத்தில் பேச்சை முடித்து அட்டையை எடுத்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. சட்டைப்பையிலிருந்து தன் பகடையை எடுத்து வைத்தார். "இதுல உருட்டு."

கணவாய்ப் பாதையில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அல்லி மூலிகை பறிக்கக் குனிந்தாள். புதரில் ஒரு பாம்பு. மேகலா உருட்டினாள். பகடை மேசை நடுவில் நின்றது. இருபது. விஷத்தை அல்லி தாங்குகிறாளா என்று பொற்கொடி உருட்டினாள். ஒன்று.

விதிப்படி அல்லி செத்துப்போனாள்.

"புதர்ப் பாம்புக்கு இம்புட்டு விஷமா?" என்றார் சுடலைமுத்து. "கொஞ்சம் குறைக்கலாம்லா?"

"புத்தகத்துல அப்படித்தான்ணா இருக்கு. நீங்கதான எங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்க?"

"புத்தகம் கெடக்கு. கதைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"அண்ணன் டீவியேஷன் கேக்கறாரு" என்றான் கமலக்கண்ணன். பொற்கொடி சிரிக்கவில்லை.

சுடலைமுத்து மேகலாவிடம் திரும்பினார். "அப்ப இத்தனை நாளா யாருக்காக மாத்திச் சொன்ன?"

"உங்களுக்காக ஒரு தடவையும் இல்லண்ணா. அல்லிக்குச் சில தடவை. தைக்க அவ இல்லேன்னா சங்கன் எப்பவோ போயிருப்பான்."

"அன்னைக்கு ராட்சதன் கல்லு? யோசிச்சியே?"

"விழுந்தது ரெண்டு. அவ்ளோ பெரிய ராட்சதன் எப்படிக் குறி தவறுவான்னு யோசிச்சேன்."

தெரிந்துகொள்ள வந்தது தெரிந்துவிட்டது. சங்கனின் வெற்றி சங்கனுடையதுதான். அவனை உயிரோடு வைத்திருந்தவள்தான் இல்லை.

"அப்ப இந்த ஒரு தடவை மட்டும் அல்லிக்கு…" என்று இழுத்தார்.

"வேண்டாம்" என்றாள் பொற்கொடி. "பாக்காதவரைக்கும் பொழச்சிருந்தா. பாத்துட்டோம். இனி நீங்க சொன்ன பிச்சைதான். சங்கன் என்ன பண்றான், அதைச் சொல்லுங்க."

இதற்குப் புத்தகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "தூக்கிக்கிடுதான்" என்றார் கடைசியில். "வாளைக் கீழ போட்டுட்டு, உச்சி வரைக்கும் அவளைத் தூக்கிட்டுப் போறான்." மேகலா எதையும் உருட்டவில்லை. மழை பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னாள். மீதியைச் சுடலைமுத்துவே சொன்னார்: வழுக்கிய பாறை, கனம், குழி தோண்டிய இடம்.

அவர் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அந்த 'ரெண்டு' உண்மையிலேயே ரெண்டுதானா என்பது தனிக் கேள்வி. நல்ல கதைசொல்லிக்கு எதிராளி கேட்க விரும்பும் எண் தெரியும். தடுப்பை மறுபடி வைக்கலாம் என்று அவரே சொன்னார். பொற்கொடி கூடாது என்றுவிட்டாள். அவளுடைய புது ஆள், சுங்கச்சாவடிக்கு மாற்றலாகி வந்த மேலதிகாரி ஒருத்தி. சங்கன் எதைச் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. அவனுடைய புது வாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இது யாரைப் பார்த்துச் செய்தது என்று சுடலைமுத்துவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகம் சரியானதே.