காற்று இனியும் உண்டு, சாரே

சுவாமிதாஸ் எந்தக் காரையும் முதலில் மோந்துதான் பார்ப்பார். பானெட்டைத் தூக்கி, கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி, சுண்டுவிரலை விட்டெடுத்து, மூக்கடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல ஆயில் என்றால் விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாடை வரும். அது வராவிட்டால், வண்டிக்காரர் வாயைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை வண்டிக்காரரே சொல்லியாக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் அவருடைய ஷெட். கையாள் கிடையாது. கிளட்ச் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். மிதிக்கிற வேலை எப்போதும் வண்டிக்காரருக்குத்தான், அவர் ஜட்ஜே ஆனாலும். உண்மை பேசுகிறவருக்குப் பதினைந்து மிதியில் காற்று போய்விடும். புளுகுகிறவருக்கு அவ்வளவு லேசில் போகாது. மச்சினனை வண்டி ஓட்டிப் பழகவிட்டதை மறைத்த ஓர் இன்ஸ்பெக்டருக்கு எண்பது மிதி ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் வக்கீல் பகவதிப்பெருமாள் பிள்ளை. வஞ்சியூர்க் கோர்ட்டில் சாட்சிகளை நடுநடுங்க வைப்பவர். ஆறு மாதம் முன்பு வாங்கிய பழைய சீமைக் காரை, கியர் விழாமல், நாலு பேர் தள்ளக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பெடல் பலகை வரைக்கும் போகுது ஓய். பிள்ளையாருக்கு ரெண்டு தேங்காய் உடைச்சும் கேக்கல்லை. வாங்கும்போதே உள்ள கேடு. வித்தவனுக்கு நோட்டீஸ் எழுதி வச்சாச்சு. ஆமான்னு நீரு ஒரு வார்த்தை சொன்னாப் போரும். நாளைக்கு விடியக்காலம் வீட்டுக்காரி மங்கலத்தையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு பொன்முடிக்குப் போகணும்."

"வேற எண்ணெய் வல்லதும் விட்டியளா சாரே?"

"ஒரு துளி விடல்லை!"

சுவாமிதாஸ் கிளட்ச் டப்பாவில் விட்டெடுத்த விரலை மறுபடியும் மோந்தார். சுத்தமான முறிவெண்ணெய். வைத்தியசாலையில் சுளுக்குக்குத் தருகிற அதே பச்சை எண்ணெய். சிலிண்டரைப் பிரித்தால், உள்ளே ரப்பர் வாஷர் ஊறவைத்த கொண்டைக்கடலை போல ஊதிக் கிடந்தது.

சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. பொன்முடி மலைப்பாதையில் வித்துரா தாண்டினால் வளைவுமேல் வளைவு. கிளட்ச் டப்பாவை ஒட்டியே பிரேக் டப்பா இருந்தது. அதையும் மோந்து பார்த்தார், நல்ல ஆயில்தான். ஆனால் வீட்டு எண்ணெய் இந்த மனுஷன் கையில் இருக்கும்வரை நாளைக்கு மலையில் அதற்குள் என்ன விழும் என்று யார் கண்டது? பிள்ளையின் இரண்டு சின்னப் பெண்களும் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எடுத்துச் சொல்லலாம்தான். சொன்னால் பிள்ளை வாதாடுவார். வாதாடி ஜெயிப்பார். ஜெயித்த கையோடு எண்ணெய்க் குப்பியைத் திறப்பார்.

குழாயை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, புது வாஷர் போட்டு, புது ஆயில் ஊற்றி, சுவாமிதாஸ் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

"பெடலைச் சவுட்டுங்க… பிடிச்சுக்கிடுங்க… இனி விடுங்க."

பன்னிரண்டாவது மிதியில் குமிழி நின்றது. திருகாணியை நன்றாக இறுக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து வறுத்த நிலக்கடலையை எடுத்தார்.

"சவுட்டுங்க."

"இப்போ கனக்குதே ஓய்!"

"கனக்கும். காத்து இனியும் உண்டு சாரே."

நாற்பதில் பிள்ளை துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஐம்பத்தைந்தில் சட்டம் பேசினார். அறுபதில் கத்தினார்.

"இது என்ன சங்குமுகத்துக் கடல்காத்தா ஓய், நிக்காம வாறதுக்கு?"

"வேற எண்ணெய் கலந்தா வார காத்து சாரே. லேசில போவாது. என்ன எண்ணெய்னு தெரிஞ்சா ஒரு வழி பாக்கலாம்."

கோயில் முன்னால் தேங்காய்கள் சிதறுகிற சத்தம் கேட்டது. சுவாமிதாஸ் இன்னொரு கடலையை உடைத்தார்.

"சவுட்டுங்க."

எழுபத்திரண்டாவது மிதியில் வக்கீலின் குரல் தணிந்து வந்தது.

"போன மாசம் ஆயில் குறைஞ்சுது. கடை பூட்டியிருந்தான். வீட்டில மங்கலத்துக்க முறிவெண்ணெய் இருந்துது. எண்ணெய் எண்ணெய்தானேன்னு விட்டேன். வித்தவன் மேல ஒரு தப்பும் இல்லை ஓய். போருமா?"

"மிச்ச எண்ணெய் எங்க சாரே?"

"சீட்டுக்கு அடியில இருக்கு. மலையில பிரேக்குக்கு வேண்டி வந்தா விடலாம்னு எடுத்து வச்சேன்."

காற்று அந்த நிமிஷமே போய்விட்டது. சுவாமிதாஸ் சட்டையில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். பிள்ளையும் இறங்கினார். இடது கால் மடங்கியது மடங்கியபடி நின்றது, நீட்ட வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, சாட்சிக் கூண்டில் நிற்கிறவரைப் போல, குப்பியை நீட்டினார்.

சுவாமிதாஸ் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிவிட்டு, குப்பியில் இருந்ததை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அந்த இடது முழங்காலில் கவிழ்த்து, இரண்டு கையாலும் தேய்க்கத் தொடங்கினார்.