கால்மாட்டுக் கயிறு

எங்கள் ஊரை நகரம் என்று அறிவித்து விழா எடுத்தார்கள். மேட்டுத் தெருக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் ஆற்றுக்கு மேற்கே, கால்வாய்ப் பக்கத்து ஆட்கள். நகரமோ பட்டிக்காடோ, ஆறு ஓடுகிற பக்கம்தானே ஓடும்! எங்கள் இன்வர்னெஸ்ஸில் எந்த மேட்டில் பிறந்தாலும் செத்தால் ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கத்துக் குன்றுக்குத்தான் வந்தாக வேண்டும். இடுகாடு அங்கேதான். அந்த விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

விழா அன்று எனக்கு ஹெக்டரினா அக்கா ஞாபகமாகவே இருந்தது. பையன் பிறப்பான், ஹெக்டர் என்று தன் பேரையே வைக்கலாம் என்று காத்திருந்தார் அவள் அப்பா. பெண் பிறந்ததும் அந்தப் பேருக்கே ஒரு வாலை ஒட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். வெகு காலம் கழித்துத் தம்பி ஃபார்க்கர் பிறந்தான், பிரசவத்தில் அம்மா போய்விட்டாள். கால்வாய் வெட்டிய கூலிகளின் வம்சம் அவர்கள். நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டு மண் சுமக்க வந்தவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது கால்வாய்க் கரையில் ஒரு வீடு. வாசலைத் தாண்டினால் தண்ணீர். அக்கா தம்பியின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டுதான் துணி துவைப்பாள். அவன் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்து அலறுவான். "நான் பிடிச்சிருக்கேன்டா, பயப்படாதே" என்பாள் தலை நிமிராமலே.

அந்த ஃபார்க்கர் வளர்ந்து கால்வாயின் திருப்புப் பாலத்துக்குக் காவலாள் ஆனான். படகு வந்தால் பாலத்தைத் திருப்பிவிட்டு, சாலையில் வருகிற எவரையும் நிறுத்திவிடுவான். கல்யாண வண்டி, போதகர் வண்டி, ஊர்த்தலைவர் வண்டி, எதுவும் அவனிடம் செல்லாது. யாராவது சண்டைக்கு வந்தால், "படகுக்கு பிரேக் இல்ல, உங்களுக்கு இருக்கு" என்பான். திட்டாத ஆள் கிடையாது. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கட்டிப்போய், புருஷனைப் பறிகொடுத்து, மறுபடி அதே வீட்டுக்கு வந்து அவனுக்குச் சமைத்துப் போட்டாள்.

ஒரு மார்ச் மாதம் நெஞ்சுச் சளி அவனைக் கொண்டுபோய்விட்டது. சாவு வேலையெல்லாம் அவர்களுடைய பெரியப்பா மகன் லாக்லன் கைக்குப் போனது. லாக்லன் கெட்டவன் இல்லை, ஆனால் வழக்கம் என்றால் அவனுக்கு வேதம். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. யார் எதைப் பிடிப்பது என்பதில்தான் எங்கள் ஊரில் மரியாதையே இருக்கிறது. தலைமாடு லாக்லனுக்கு. கால்மாடு அடுத்த மரியாதை. மகன் இல்லாததால் அதைப் பாலத்தில் உடன் வேலை பார்த்த டார்க்கிலுக்குக் கொடுத்தான். எனக்கு இடுப்புப் பக்கம் ஒன்று. இது அறுபதுகளின் தொடக்கம். பெண்கள் அப்போது குன்றுக்கு வருவதே இல்லை. வீட்டிலிருந்து டீ போட வேண்டும், ரொட்டிக்கு நடுவே ஹாம் வைத்து அடுக்க வேண்டும்.

அக்கா அவனிடம் நேராகவே கேட்டாள். "எனக்கு ஒரு கயிறு குடு லாக்லன். எந்தக் கயிறானாலும் சரி."

பொம்பளைங்க வர்ற இடமா அது, ஊர் என்ன சொல்லும் என்றான் அவன். அவள் கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தாள். நான் வாயைத் திறந்தேனா என்றால், இல்லை. யாருமே திறக்கவில்லை.

ஆனால் லாக்லன் ஒரு காரியம் செய்துவிட்டான் பாருங்கள். கால்வாய்க்காரன் சாவுக்குக் கடல் ஏறும் நேரம் பார்க்காமல் நேரம் வைத்தான்! குன்றுக்குப் போகும் வழியில், சவ வண்டிக்குப் பின்னால் நடந்து நாங்கள் அந்தப் பாலத்தை நெருங்கும்போது, ஏற்றத்தோடு உள்ளே வந்த மீன்படகுகள் வரிசையாக நின்றன. பாலம் எங்கள் கண்ணெதிரே திரும்பியது. பெட்டியோடு நின்றோம். லாக்லன் முகம் சிவந்துபோய்க் கத்தினான். அன்று பாலத்து வேலை டார்க்கிலுக்கு; பெட்டி தாண்டியதும் எங்களோடு வருவதாக இருந்தான். தொப்பியைக் கழற்றினான், நெம்புகோலை விடவில்லை.

"அவர் கத்துக்குடுத்ததுதான் லாக்லன். படகுக்கு பிரேக் இல்ல."

பின்னால் ஒருவன் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லாருமே கொஞ்சம் சிரித்தோம். எத்தனை பேரை நிறுத்தினான், இன்றைக்கு அவன் முறை.

சிரிப்பு அடங்கும்போது அக்கா பக்கத்தில் நின்றாள். கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஏப்ரன் தெரிந்தது. டீயை யார் பார்த்துக்கிறது என்றான் லாக்லன். "அது கொதிக்கும்" என்றாள். நடுத்தெருவில் அவளை என்ன செய்ய முடியும்? பாலம் மூடியதும் எங்களோடு நடந்தாள். பின்னால் இன்னும் படகுகள் இருந்ததால் டார்க்கில் வேலையை விட்டு வர முடியவில்லை.

குழிக்கரையில் லாக்லன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். நாங்கள் போய்க் கயிற்றை எடுத்தோம். டார்க்கில் என்று கூப்பிட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கால்மாட்டுக் கயிறு புல்லில் கிடந்தது. அது இல்லாமல் பெட்டி சாய்ந்துவிடும். கயிறு கிடைக்காத ஆண்கள் நிறையப் பேர் நின்றார்கள். லாக்லன் அவர்களைப் பார்த்தான், ஒவ்வொருவனும் தன் பூட்ஸைப் பார்த்தான். எனக்கு அந்த ஊர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

லாக்லன் தொண்டையைச் செருமினான். "ஹெக்டரினா" என்றான்.

அவள் வந்து கயிற்றை எடுத்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். எங்கள் பக்கம் பெட்டி விட்டு விட்டு இறங்கியது, அவள் பக்கம் ஒரே சீராக இறங்கியது. தரை தட்டியதும் வழக்கப்படி கயிறுகளை உள்ளே போட்டோம். அவள் போடவில்லை. போதகர் காத்திருந்தார். லாக்லனும் காத்திருந்தான்.

அக்கா குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"சரிடா, போ. இங்க தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கைச்சுற்றை அவிழ்த்தாள்.