கிளட்ச் இல்லாத வண்டி

என் வீட்டுக்காரரிடம் நான் முதலில் பார்த்தது அவருடைய இடது காலை. முகத்தைப் பார்க்கப் பல நாள் ஆனது. துணிக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. காலை பஸ்ஸில் இன்ஜின் மூடியை ஒட்டித்தான் எனக்கு நிற்க இடம் கிடைக்கும். முன்னால் நிற்பவர்களின் முதுகுகளுக்கு நடுவே டிரைவரின் கால் மட்டும் தெரியும். மேலே கையும் வாயும் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கீழே அந்தக் கால் தன்பாட்டுக்குக் கிளட்ச்சை அழுத்துவதும் விடுவதுமாக, ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டியை நகர்த்திக்கொண்டு போகும். இந்தக் கால்காரரைக் கட்டிக்கொண்டால் விழாமல் போய்ச் சேரலாம் என்று நினைத்தேன். கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்த மனுஷனிடம் நிதானம் என்று இருந்தது அந்த ஒரு கால் மட்டும்தான்.

டிப்போவில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். "அவசரம் வந்தாச்சா?" "அவசரம் டீ குடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி வீட்டுக்குள் நடப்பார். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்க் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பேப்பரைக் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து நடுவில் விட்டுவிடுவார். சினிமாவுக்குப் போனால் முடிவதற்கு முன்பே வெளியே போய்விடுவார், கூட்டம் வருவதற்குள் ஸ்கூட்டரைத் திருப்பி வைக்க வேண்டுமாம். அவர் கூட வந்த பாவத்துக்கு எந்தக் கதைக்கும் எனக்கு முடிவு தெரியாது.

டிரைவர் ஆவதற்கு முன் அவர் பார்க்காத வேலை இல்லை. கடிகாரக் கடையில் உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. சலூனில் ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில், வெளியே என்ன சத்தம் என்று பார்க்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. மீதிப் பாதியை யார் மழித்தார்களோ! பஸ் ஓட்டப் போன பிறகுதான் மனுஷன் ஒரு இடத்தில் உட்கார்ந்தார். எப்படி முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "அங்க நான் நகர வேண்டியதில்ல, ஊரு நகருது" என்றார்.

போன வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் பிரிக்கிறவரை அவர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். ஒரு பின்னல் முடிவதற்குள் இரண்டு தடவை எழுந்து போவார். கோணல்மாணலாக இருக்கும், கடையில் சிரிப்பார்கள். ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் அந்தக் கை உதவாது என்று டாக்டர் சொன்னதை அவர் என்னைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார். மாடிப்படியில் நான் இறங்கினால் கீழே வந்து நின்றுகொள்வார்.

வீட்டிலும் அந்த இடது கால் சும்மா இருக்காது. பதில் சொல்லக் கஷ்டமான பேச்சு வந்தால் போதும், நாற்காலிக்குக் கீழே தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். எங்கள் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. "அப்பா, நான் போகவா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் கால் அழுத்தும், வாய் திறக்காது. உடனே எழுந்து குழாயைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்த நிலையில்தான் ஊருக்குப் புது பஸ் வரப்போவதாகச் செய்தி வந்தது. பழைய வண்டிகளைப் பற்றி யாராவது உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நின்றுகொண்டு போனவளுக்குத்தான் அருமை தெரியும். தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோடு தெரியும். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் உள்ளே குடை பிடித்திருக்கிறேன். அதெல்லாம் ஒழிந்து பேட்டரி வண்டிகள் வரப்போகின்றன, மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்த தடத்தை நேராக்கப் போகிறார்கள், அடுத்த பஸ் எப்போது வரும் என்று நிறுத்தத்திலேயே பலகை சொல்லும் என்றதும் எனக்குச் சந்தோஷம். அவருக்கும்தான். "முதல் வண்டி எனக்குத்தான்" என்று டிப்போ முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். அவசரம் ஆயிற்றே!

வண்டியோடு ஒரு பயிற்சியாளரும் வந்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். டிப்போ மைதானத்தில் தேர்வு. சீட்டுகளில் பயணிகளுக்குப் பதிலாக மணல்மூட்டைகளை வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. முதல் நிறுத்தக் கோடு வந்தது. வலது கால் பதமாக பிரேக்கைத் தொட்டது. அதே நேரத்தில் இடது கால், யாரையும் கேட்காமல், கிளட்ச்சை மிதிக்கப் போனது. புது வண்டியில் கிளட்ச்சே கிடையாது. அந்த இடத்தில் அகலமான பிரேக்கின் ஓரம்தான் இருக்கிறது. முழு பலத்தோடு மிதித்துவிட்டார். மூட்டைகள் எல்லாம் எழுந்து முன்னால் வந்தன. பயிற்சியாளர் கம்பியில் தோளை இடித்துக்கொண்டார். இரண்டாவது கோட்டிலும் அதே கதை. மூன்றாவதில் ஒரு மூட்டை கிழிந்து வண்டிக்குள் மணல் கொட்டியது.

"உங்க மேல தப்பில்ல, பழக்கம் அது. அடுத்த வாரம் ரோட்டுல ஒரு தடவை பாக்கலாம்" என்றாராம் பயிற்சியாளர். "அதுலயும் இப்படின்னா உங்கள நம்பி ஜனங்கள ஏத்த முடியாது. டயர் கிடங்குல ஒரு இடம் இருக்கு."

டயர் கிடங்கு என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுற்றிலும் டயர். ஒன்றும் நகராது. பழைய வண்டிகள் மாதக் கடைசியில் போய்விடும், திரும்பிப் போகவும் வழியில்லை. அன்று அவர் வீட்டுக்குள் நடக்கக்கூட இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். உட்கார்ந்த இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மறுநாளிலிருந்து வீட்டிலேயே பயிற்சி. நாற்காலிக்கு முன் தரையில் இரண்டு செங்கல். ஒன்று ஆக்சிலரேட்டர், ஒன்று பிரேக். கையில் சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். மகள் எதிரில் நின்று "நாய்!" "சிக்னல்!" "ஸ்டாப்புல ஆள் நிக்குது!" என்று கத்துவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது காலின் மேல் என் காலை வைத்து அழுத்திக்கொள்வேன். ஒவ்வொரு தடவை அவள் கத்தும்போதும் என் காலையும் தூக்கிக்கொண்டு அது எழும்.

"அப்பா, உங்க காலுக்கு லீவு குடுங்கப்பா" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது லீவுல போக மாட்டேங்குதே! ஓவர்டைம்ல நிக்குது" என்றார். சிரிக்கவில்லை.

ஒருநாள் மகளின் துப்பட்டாவால் காலை நாற்காலியோடு கட்டிப் பார்த்தோம். உள்ளே போன் அடித்தது. கட்டியது மறந்து எழுந்து ஓடினார். நாற்காலியும் கூடவே ஓடியது. இரண்டும் குப்புற விழுந்தன. நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், கடையிலிருந்து வந்து செருப்பைக்கூட நான் கழற்றவில்லை, முன்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு டிப்போக்காரங்க வீட்டு ஆளுங்க வண்டில வரலாமாம். நீ வரியா?"

"வரேன். அதுக்கென்ன."

"உக்காரக் கூடாது. நிக்கணும். கம்பியப் பிடிக்காம நிக்கணும்."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "ஏன், இன்னொரு கையையும் ஒடச்சுப் பாக்கணுமா?"

"மணல்மூட்டைக்கு வலிக்காதுன்னு இந்தக் காலுக்குத் தெரியும்" என்றார். "அதான் அதுக்குப் பயமில்ல. பழைய வண்டில அப்பல்லாம் நீ பக்கத்துல நிப்பே. ஒரு நாளாவது உன்ன விழ வச்சிருக்கேனா?"

நான் உள்ளே போய்விட்டேன். இப்படியும் ஒருத்தர் கேட்பாரா என்று பாத்திரங்களிடம் புலம்பினேன்.

காலையில் போய் ஏறினேன். ஏறினவர்கள் எல்லாரும் சீட்டைத் தேடி உட்கார்ந்தார்கள். நான் டிரைவர் இருக்கைக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில், அவர் கால் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

"உக்காருங்கம்மா" என்றார் பயிற்சியாளர்.

"நான் துணிக்கடைல வேலை பாக்கிறவ சார். உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துடும்."

"அப்ப கம்பியையாவது பிடிச்சுக்குங்க."

பிடித்தேன். வண்டி டிப்போவை விட்டு வெளியே வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். அதற்குள் முகம் மாறிவிட்டது. நேற்றுப் பேசிய தைரியமெல்லாம் எங்கே போனதோ, அடித்தொண்டையில் சொன்னார்: "கம்பியப் பிடி."

"மாட்டேன்."

"பிடின்னு சொல்றேன்ல. தெரியாம சொல்லிட்டேன் நேத்து."

"நீங்க ரோட்டப் பாருங்க."

முதல் நிறுத்தம் வந்தது. இடது கால் எழுந்தது. எழுந்த கால் அப்படியே நின்றது, பிறகு பின்வாங்கியது. வண்டி தண்ணீரில் ஓடம் நிற்பதுபோல் நின்றது. இரண்டாவதிலும் அப்படித்தான். அவர் பிடரியில் வியர்வை இறங்கிக் காலருக்குள் போனது. எனக்கும் உள்ளங்கை ஈரம். கம்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடித்தால் நானும் ஒரு மணல்மூட்டை. பிடிக்காவிட்டால் என் கை போகலாம். இதென்ன பிழைப்பு என்று மனசுக்குள் அவரையும் பஸ்ஸையும் வண்டிவண்டியாகத் திட்டினேன்.

பாலம் தாண்டி இறக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் பஸ் வருவது அவருக்குக் கேட்கவில்லை. பழைய வண்டி என்றால் இரண்டு தெரு தள்ளியே கேட்டிருக்கும். திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டார்.

இடது கால் எழுந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை, பாய்ந்து இறங்கியது. போச்சு என்று நினைத்தேன். அது பிரேக்கைத் தாண்டி இடப்பக்கம் வெறும் தரையில் டம்மென்று இறங்கியது. வலது கால் மட்டும் பிரேக்கை அழுத்தியது, முதலில் மெதுவாக, பிறகு பலமாக. நான் ஒரே ஒரு அடி முன்னால் வந்தேன். விழவில்லை. சைக்கிள்காரர் ஒரு முழத்தில் நின்று, இது எங்கிருந்து வந்தது என்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

பயிற்சியாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாளைக்குக் காலை ஷிஃப்டுக்கு வந்துடுங்க. இப்ப வண்டிய எடுங்க, பின்னால நிக்கறாங்க."

டிப்போவுக்குத் திரும்பி எல்லாரும் இறங்கினார்கள். அவசரம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். என் வலது மணிக்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முட்டை வாங்குகிறவர் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு அழுதார். நான் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இனி அந்தக் காலுக்கு வேலையில்லை, வீட்டிலும் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அந்த வேலைக்கு இந்த வாரம் பதில் சொல்லணும்."

மேஜைக்குக் கீழே தரை அதிர ஆரம்பித்தது. முன்னைவிட வேகமாக, பகல் முழுக்க அழுத்தாததை எல்லாம் சேர்த்து அழுத்துகிற மாதிரி. அவர் கண் குழாய்ப் பக்கம் போனது. எழுந்துவிடப் போகிறார் என்று தெரிந்தது.

நான் என் காலை நகர்த்தி அவர் காலுக்கு அடியில் வைத்தேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுத்தினார், முழு பலத்தோடு. வலித்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல, ஒரு குலுக்கல் இல்லாமல், விட்டார்.

"எப்பம்மா கிளம்பணும்?" என்று மகளிடம் கேட்டார்.