காணாமல் போன பச்சைப் பொத்தான்கள்

விளாங்குடியில் வீட்டிலிருந்தே இணையதள வடிவமைப்பு பழகி வருகிறேன். போன மாதம் எக்ஸ்டென்ஷன் எனும் துணை நிரல்கள் இரண்டைச் சோதித்துப் பார்க்க பிரவுசரில் சேர்த்தேன். ஒன்று, எல்லாப் பக்கங்களையும் கண்ணுக்கு இதமாகக் கறுப்பாக்குவது. மற்றொன்று, பக்கத்தின் சில பகுதிகளை மறைத்து வடிவத்தைச் சோதிக்க உதவுவது. அதில் பயிற்சிக்காகப் பச்சைப் பொத்தான்களை மறைத்தேன். எல்லாத் தளங்களிலும் அப்படியே மறையும் என்பதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை என் ஒன்றரை வயது மகளுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு, வழக்கமாகக் காட்டும் மருத்துவமனையின் தளத்தைத் திறந்தேன். டோக்கன் எடுக்கும் இடம் காலியாக இருந்தது. கறுப்பாக்கும் எக்ஸ்டென்ஷனை நிறுத்தினேன். அப்போதும் காலி. போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தாள்.

அவனியாபுரத்தில் வேலையிலிருந்த கணவரைக் கூப்பிட்டு அழுதேன். அவர் தன் போனில் பார்த்துவிட்டு, "ஏம்மா, இம்புட்டு டோக்கன் பச்சைப் பச்சையா கெடக்கு, இல்லைங்குற? ஒண்ணு போட்டுட்டேன். நீ ஆட்டோவப் பிடி, நான் நேரா அங்க வாரேன்" என்றார்.

பச்சை என்று கேட்டதும்தான் எனக்கு உறைத்தது.

மருந்து கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. இப்போது சோதனைகளை வேறொரு பிரவுசரில் மட்டும் செய்கிறேன். ஆனாலும் எந்தப் பக்கமாவது காலியாகத் தெரிந்தால், நான்தான் எதையோ மறைத்துவிட்டேனோ என்று பதறி, போனிலும் ஒரு முறை திறந்து பார்க்கிறேன்.