மார்ஜரி மாமியின் மரண அறிவித்தல்

கனடாவின் அஜக்ஸ் நகரில் வசிக்கும் ஜூலியஸ் திஸில்த்வெயிற் அசல் மன்னார்க்காரர். லொறி ஓட்டுகிறார். பெயருக்கு அவர் பொறுப்பில்லை. ஊருக்குப் பாலம் கட்ட வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையில் மயங்கிய தாத்தா, துரையின் குடும்பப் பெயரைத் தன் மகனுக்கு ஞானஸ்நானப் பெயராக வைத்துவிட்டார். நம் வழக்கப்படி தகப்பன் பெயர் ஜூலியஸுக்குப் பின்னால் வந்து நின்றது. கனடாவில் அதைப் பரம்பரைப் பெயராகவே பதிந்துவிட்டார்கள். போனில் வேலை கொடுத்த முதலாளி, ஒரு வெள்ளைக்காரரை எதிர்பார்த்திருந்து, நேரில் வந்தவரிடமே "ஜூலியஸ் எங்கே?" என்று விசாரித்ததும் நடந்தது.

ஒருநாள் செல்வி மார்ஜரி திஸில்த்வெயிற் என்ற முதிய ஆங்கிலேயப் பெண்மணி, அதே பெயரைக் கண்டு தேடிப்பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்தார். கதவைத் திறந்தவர் ஜூலியஸைக் கண்டு கொஞ்சம் திகைத்தார். பிறகு தேநீர் ஊற்றிக்கொண்டே பெயரின் கதையைச் சொன்னார். வட இங்கிலாந்தில் எவரோ 'திஸில்' என்ற முட்செடிகளை வெட்டி ஒரு நிலத்தைத் துப்புரவாக்கினார்களாம். அந்த நிலத்தின் பெயர் அங்கிருந்த சனத்துக்கும் ஒட்டிக்கொண்டதாம்.

"இந்தப் பெயரில் எனக்கு இனி ஒருவருமில்லை. என் பெட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதுதான் பயம்" என்றார். அதன்பின் ஜூலியஸ் ஞாயிறு தவறாமல் மீன் கட்லட்டோடு போய்வந்தார்.

தை மாதப் பனியில் மார்ஜரி இறந்துபோனார். ஜூலியஸ் உடனே தமிழ் இணையத்தளத்துக்கு அறிவித்தல் எழுதினார்: 'யோர்க்‌ஷயரைப் பிறப்பிடமாகவும் அஜக்ஸை வதிவிடமாகவும் கொண்ட செல்வி மார்ஜரி அவர்கள் காலமானார். அன்னார் ஜூலியஸின் அன்பு மாமியாவார்.'

மனைவி அருள்நாயகி பதறினாள். "உங்களுக்கென்ன விசரே? அவ எப்பிடி உங்களுக்கு மாமி?"

"என்ர அப்பான்ர பேரை வைச்சிருக்கிறா. அப்பாக்குத் தங்கச்சி முறைதானே?"

மரணச்சடங்கு மண்டபத்தில் ஆறே ஆறு கதிரை போட்டிருந்தார்கள். ஆனால் மரண அறிவித்தலைப் பார்த்துவிட்டு வீட்டில் இருக்கிற சனமா நம் சனம்? ரூஜிலிருந்தும் ரெக்ஸ்டேலிலிருந்தும் பனியை மிதித்துக்கொண்டு வந்து குவிந்தது. ஊழியர்கள் கதிரை சுமந்தே களைத்துப்போனார்கள்.

"மாமி எவடம், தம்பி? மன்னாரில பேசாலையோ?" என்று ஊர்க்கார அகஸ்ரின் அண்ணை காதுக்குள் கேட்டார்.

"இல்லையண்ணை, யோர்க்‌ஷயர்."

"ஓ, லண்டன் மாமி" என்று அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பெட்டியைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்களும் விசும்பத் தொடங்கினார்கள்.

கடைசியில் மண்டபத்து அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்தார். "பெட்டியை மூடப்போகிறோம். குடும்பத்தார் மட்டும் எழுந்து முன்னே வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

மண்டபம் முழுவதும் எழுந்தது.