நெஞ்சுக்கு மாத்திரை, கழுத்தில் கோளாறு

இரண்டு வருடம் முன்பு, பங்குனி வெயில் கொளுத்திய சமயம். கோவை கணபதியில் வீட்டோடு தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் நெஞ்சு தாறுமாறாகப் படபடத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். துடிப்பைச் சீராக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகவே கேட்டது. அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வரவில்லை.

வயிறாரச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ஃபேனுக்கு அடியிலும் வியர்த்துக் கொட்டியது. பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார், “ஏனுங்க அண்ணி, எப்படீங்க இப்படி எளச்சுப்போட்டீங்க? எனக்குஞ் சொல்லிக்குடுங்க” என்று பின்னாலேயே சுற்றினாள். எரிச்சலாக வந்தது. கை நடுங்குகிறது என்றால் வீட்டுக்காரர், “டென்ஷன் ஆகாம இரு” என்பார். தெருமுனை டாக்டர், “இந்த வயசுல அப்படித்தாங்கம்மா இருக்கும்” என்று சத்து மாத்திரை எழுதினார்.

மறுபடி நெஞ்சு படபடத்தது. இருதய டாக்டரிடம் போனால், அதே மாத்திரையை இரண்டு வேளையாக்கிவிட்டார். எடை குறைந்ததைச் சொன்னேன். “நல்லதுதானுங்களே” என்றார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்தாயிற்று.

ஊசியில் நூல் கோர்க்கவே முடியாமல் போனபோது, கண்ணில்தான் கோளாறு என்று கண் டாக்டரிடம் போனேன். ஒரு பெண் டாக்டர். கருவியில் தாடையை வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, நெஞ்சுத் துடிப்புக்கு மாத்திரை சாப்புடறீங்களா?”

தூக்கிவாரிப் போட்டது. கண்ணைப் பார்த்து நெஞ்சைச் சொல்கிறாரே! அந்த மாத்திரை கருவிழியில் மெல்லிய கோடுகளாகப் படியுமாம். அதனால் பார்வைக்குப் பெரிய கெடுதல் இல்லையாம். ஆனால் அவர் பார்வை என் நடுங்கும் விரல்களுக்குப் போனது. “தைராய்டு கடைசியா எப்பங்க பாத்தீங்க?” என்றார். பார்த்ததே இல்லை.

“கண்ணாடி அப்புறம் போட்டுக்கலாங்க. இன்னைக்கே ரத்தம் குடுத்துப்போட்டு உங்க இருதய டாக்டரைப் பாருங்க. மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க” என்றவர், தானே அவருக்குப் போன் போட்டும் பேசினார்.

கழுத்தில் இருக்கும் தைராய்டின் சுரப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரையில் இருக்கும் அயோடின் செய்த வேலை; உடம்பு இளைத்தது, வியர்த்தது, கை நடுங்கியது எல்லாமே அதனால்தானாம். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தை மாற்றினார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நெஞ்சு தாங்கியிருக்காதாம். அவ்வப்போது தைராய்டு பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மாத்திரையாம் அது. ஒருவர் வாயிலும் அந்த ஒரு வார்த்தை வரவில்லையே! போதாக்குறைக்கு, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்குமாம். நடுக்கம் அடங்கி நான் மறுபடி மிஷினில் உட்காருவதற்குள் தீபாவளி நெருங்கிவிட்டது.

முதலில் என்னைப் பிழைக்க வைத்ததும் அதே மாத்திரைதான். அதனால் அதைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் கண்ணுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர் என்று பங்கு போட்டுப் பார்த்தாலும் மருந்தை விழுங்குகிற உடம்பு ஒன்றுதானே என்ற ஆதங்கம் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் பல்வலி என்று போனாலும், என் மாத்திரைகள் அத்தனையையும் டாக்டர் மேஜையில் கொட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.