கார்த்தஹேனாவில் கொசுறு கேட்பது எப்படி

துபாயில் கறிவேப்பிலைக்கு விலை உண்டு. நாலே நாலு ஈர்க்கை வெள்ளைத் தட்டில் படுக்கவைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, விலைச்சீட்டு ஒட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். நாகப்பட்டினத்தில் கத்தரிக்காய் வாங்கினால் கேட்காமலே பைக்குள் விழுகிற சாமான் அது. துபாயின் தேரா பகுதிக்கு வந்த முதல் வாரம், காய்கறிக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கல்லாவிலிருந்த பிலிப்பினோ பெண்ணிடம் கையை நீட்டியபடி நின்றேன். அவள் ரசீதை இன்னொரு முறை அச்சடித்துக் கொடுத்தாள். அப்போதும் கையை எடுக்காததால் செக்யூரிட்டியைப் பார்த்தாள். கொசுறு என்ற சமாச்சாரம் இந்த நாட்டில் மாஃபி, அதாவது கிடையாது என்று அன்று புரிந்துகொண்டேன்.

அங்கே ஒரு டூர் ஆபீசில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. 2006-இல் எங்கள் கஃபீலின் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. கஃபீல் என்றால் நம் விசாவுக்குக் கையெழுத்துப் போடும் உள்ளூர் அரபி. மனசு வைத்தால் இருக்கலாம், வைக்காவிட்டால் பெட்டி கட்டலாம். சொந்தக்காரர் எவரும் மிதிக்காத ஊருக்குத்தான் தேனிலவு போவேன் என்று மகன் தேடிப் பிடித்தது கார்த்தஹேனா, கொலம்பியாவின் கரீபியன் கடலோர நகரம். மாப்பிள்ளைக்கு லண்டனும் சிங்கப்பூரும் புளித்துவிட்டதாம். புதுப்பெண்ணோ, ஓட்டல் சாப்பாடு வேண்டாம், தெருவில் விற்பதைத்தான் தின்பேன் என்றாள். பணக்காரர்களுக்குத்தான் இப்படியெல்லாம் ஆசை வரும்.

எங்கள் மேனேஜர் ஜோசப் மலையாளி. தனக்குத் தெரியாத வேலைகளையெல்லாம் என் தலையில் கட்டுவதில் கெட்டிக்காரர்.

“நீங்களும் கடற்கரை ஊர்தானே? அங்க என்ன சாப்பிடலாம்னு ஒரு கையேடு எழுதிடுங்க.”

“சார், அந்த ஊர் மேப்புல எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“அதை அவங்ககிட்ட சொல்லவேண்டாம். நீங்க அங்க இருந்தவர்னு சொல்லிட்டேன். தப்பாப் போச்சுன்னா கலாஸ்.”

கலாஸ் என்றால் முடிந்தது. அடுத்த மாதம் என் விசா முடிகிறது. புதுப்பிக்கக் கஃபீல் கையெழுத்துப் போட வேண்டும். என் விசா போனால் மனைவி விசாவும் நான்கு வயது மகள் விசாவும் சேர்ந்தே போகும். ஆக, மூன்று பேர் துபாயில் இருப்பதா வேண்டாமா என்பது நான் பார்த்தே இராத ஒரு ஊரின் பலகாரத்தில் வந்து நின்றது.

இன்டர்நெட்டில் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அப்படிக் குடித்த டீயில் சில விஷயங்கள் தெரிந்தன. சோளமாவு வடையைப் பொரித்து, வயிற்றைக் கீறி முட்டையை ஊற்றி மறுபடி பொரித்தால் அரெப்பா. வாழைக்காயைப் பொரித்து, நசுக்கி, திரும்பவும் பொரித்தால் பட்டக்கோன். ஒருமுறை பொரித்தால் அந்த ஊர்க்காரர்களுக்குத் திருப்தி வராது போல. தேங்காயும் சர்க்கரையும் கிளறிய மிட்டாய்க்குக் கொக்காதா என்று பெயர். மாங்காய்க் கீற்றில் உப்புத் தூவி எலுமிச்சை பிழிந்து தருவார்களாம். இதைத் தின்ன எதற்குக் கொலம்பியா என்று எழுதவில்லை, விசா முக்கியம். பன்றி சேர்ந்த அயிட்டங்களை ஒன்றுவிடாமல் நீக்கியதில் கையேடு பாதியாக இளைத்துவிட்டது. கடைசிப் பக்கம் காலி. அதை நிரப்ப எந்த ஆதாரமும் இல்லாமல் எழுதினேன்: “பணம் கொடுத்ததும் நகராதீர்கள். கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டு நில்லுங்கள். கொசுறாக ஒன்று கிடைக்கும். இது இந்த ஊர் மரபு.”

எழுதிக் கொடுத்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. கஃபீல் வீட்டு மருமகளை, முன்பின் தெரியாத ஊரில், நடுத்தெருவில் கையேந்த வைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளையே ஆபீசுக்கு வந்தார். ஜோசப் என்னைப் பார்த்த பார்வையில் ஏற்கனவே எனக்கு டிக்கெட் போட்டிருந்தார்.

“பாய், நீ அங்கே எத்தனை வருஷம் இருந்தாய்?” என்று மாப்பிள்ளை இந்தியில் கேட்டார்.

மேசைக்கடியில் ஜோசப்பின் ஷூ என் காலை மிதித்தது. “கொஞ்ச நாள் சார்.”

“என் மனைவி வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே வந்துவிடும். அங்கே மிட்டாய் விற்கிற அம்மாவிடம் நீ எழுதியபடி கையை நீட்டி நின்றாள். அந்த அம்மா சிரித்து, ஒரு கொக்காதா கூடுதலாக வைத்தாள். அப்புறம் தினமும் சாயங்காலம் அங்கேதான். பை நிறைய வாங்கியதை எனக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அவள் தின்றாள்.”

கையெழுத்து அன்றே விழுந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், பார்க்காத ஊரின்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

மூன்று வருட விசா குத்திய கையோடு லீவில் ஊருக்குப் போனோம். நாகப்பட்டினம் கடற்கரையில், தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் மூன்று தட்டு வாங்கினேன். பணம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடி சிரித்தேன். நானே எழுதிய கையேடுதானே.

“என்ன தம்பி, மீதி சரியாத்தானே குடுத்தேன்?”

“கொசுறு இல்லையாம்மா?”

அவர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மகளின் ஷூவைப் பார்த்தார். பக்கத்தில் லுங்கியோடு நின்றவர் கேட்காமலே அவர் தட்டில் ஒரு மிளகாய் பஜ்ஜியைப் போட்டார்.

“நாளைக்கும் வர்றவங்களுக்குத்தான் தம்பி கொசுறு. நீங்க எப்பப் போறீங்க?”

“வர்ற வெள்ளிக்கிழமை,” என்றேன், நீட்டிய கையை இன்னும் மடக்காமல்.